ரயிலும் துறைமுகமும் ஒரே கையில்

கேள்வி: ரயிலையும் துறைமுகத்தையும் 1910-லேயே ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்து லாபகரமாக நடத்திக் காட்டியது தென்னாப்பிரிக்கா. அதைப் பாராட்ட உங்களுக்கு மனசு வரவில்லையே? (வாசகர், கரூர்)

பதில்: பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ஒன்று சேர்த்ததில் நியாயம் இருந்தது. அதற்கு முன் ஜோஹானஸ்பர்க் தங்கச் சுரங்கத்துக்குப் போகும் சரக்கைப் பிடிக்க பிரிட்டிஷ் காலனிகளான கேப், நேட்டால், போர்ச்சுகீசியர் கையிலிருந்த லோரென்சோ மார்க்ஸ் (இன்றைய மபூட்டோ) என்று ஆளுக்கொரு துறைமுகம், ஆளுக்கொரு ரயில் பாதை, ஒரே அடிதடி. 1895-ல், அந்தச் சுரங்கம் இருந்த போயர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடியரசான டிரான்ஸ்வால் தன் எல்லைக்குள் ரயில் கட்டணத்தை ஏற்றிவிட, கேப் தரப்பு சரக்கை எல்லையிலிருந்த வால் ஆற்றங்கரையிலேயே இறக்கி மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றைக் கடத்தியது. டிரான்ஸ்வால் அதிபர் குரூகர் சும்மா இருப்பாரா? வண்டி ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறைகளையே மூடிவிட்டார், லண்டன் மிரட்டிய பிறகுதான் திறந்தார். 1910-ல் கேப், நேட்டால், டிரான்ஸ்வால் எல்லாம் ஒரே நாடாக இணைந்ததும் இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு வந்தது. சரி.

ஆனால் லாபம் என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது? செலவு, பராமரிப்பு, தேய்மானம், வட்டி இவற்றுக்குப் போதுமானதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்பதுதான் அந்த நாட்டை உருவாக்கிய 1909 சட்டம். உள்நாட்டு விவசாயமும் தொழிலும் வளர மலிவாகச் சரக்கு ஏற்ற வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. விவசாயி என்றால் வெள்ளைக்கார விவசாயி என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

1924-க்குப் பிறகு பிரதமர் ஹெர்ட்சாக்கின் அரசு அந்த ரயில்வேயை ஏழை வெள்ளையர்களுக்கு வேலை கொடுக்கும் இடமாகவே ஆக்கியது. கறுப்பினத் தொழிலாளி பார்த்த அதே எடுபிடி வேலையைக் கூடுதல் கூலிக்கு வெள்ளையரிடம் கொடுத்தார்கள், பெயர் மட்டும் 'நாகரிக உழைப்புக் கொள்கை'! நேட்டால் அரசு ரயில்வேக்கு ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் நம் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தமிழர்களும் உண்டு, அவர்களை எந்தப் பட்டியலில் வைத்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 1987. ரயில்வே நிறுவனத்தின் பெயர் அதற்குள் மாறியிருந்தது, நடத்தை மாறவில்லை. வசூலித்த 40 ராண்டைத் தாமதமாகக் கட்டினார் என்று ஒரு கறுப்பின ஓட்டுநரை வேலையை விட்டே நீக்கினார்கள். பணம் கையாடல் இல்லை ஐயா, தாமதம்! அதிலிருந்து வெடித்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு ஆயிரக்கணக்கானோரை வேலையிழக்க வைத்தது, போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். மூன்று வருஷம் கழித்து டிரான்ஸ்நெட் என்று மறுபடி பெயர் மாற்றினார்கள்.