பரிசோதனைக்கு முன் கசகசா வேண்டாம்

தம்பி, பார்ம்டி என்னும் மருந்தாளர் படிப்புக்கு இடம் கொடுத்த அமெரிக்கக் கல்லூரி, பழைய வழக்குகள் உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையும் போதைப்பொருள் பரிசோதனையும் முடிக்கச் சொல்கிறதே, என்மேல் சந்தேகமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. நாளைக்கு ஓபியாய்டு என்னும், அடிமையாக்கக்கூடிய வலி மாத்திரைகள் இருக்கும் அலமாரிப் பக்கம் நிற்கப்போகிறவர் நீங்கள். பயிற்சிக்குப் போகும் மருத்துவமனைகளும் இதைக் கேட்கும்.

பின்னணிச் சோதனையில் நம் ஆட்களுக்கு வரும் சிக்கல் பெயர்தான். இனிஷியல் ஒரு இடத்தில், அப்பா பெயர் இன்னொரு இடத்தில் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாவற்றிலும் எழுதுங்கள். வேறு யாருடைய வழக்காவது உங்கள் அறிக்கையில் ஏறியிருந்தால், திருத்தக் கேட்க இங்கே அமெரிக்காவில் சட்டப்படி உரிமை உண்டு. பழைய வழக்கு ஏதாவது இருந்தால், விண்ணப்பக் கேள்வியை நிதானமாகப் படித்து உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சின்ன வழக்கை மன்னித்துவிடுவார்கள், மறைத்ததை மன்னிப்பது கடினம்.

அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை. உங்கள் மாநிலத்தில் கஞ்சா கடையிலேயே விற்கலாம். ஆனாலும் கல்லூரி அதை ஒப்புக்கொள்ளாது. கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயும் வேண்டாம், அதில் கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொஞ்சம் கலந்திருக்கக்கூடும். கசகசாவை நிஜமாகவே ஒதுக்குங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும், அபினில் உள்ள மார்ஃபின் சிறுநீரில் தெரியும். இதற்காகவே அமெரிக்க அரசு தன் ஊழியர் பரிசோதனையில் ஓபியேட் (மார்ஃபின் போன்ற அபின் பொருள்கள்) வரம்பை 1998-இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-ஆக உயர்த்தியது. 2023-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ராணுவ வீரர்களையும் கசகசா சாப்பிட வேண்டாம் என்றது. உங்கள் பரிசோதனைக்கு எந்த வரம்பு வைத்திருப்பார்களோ, பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் குருமாவிலும் பாயசத்திலும் போடாமல் இருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த, கோடீன் என்னும் ஓபியேட் கலந்த இருமல் சிரப்பையும் தொடாதீர்கள்.

என் பரிசோதனை அன்று நான் பயந்துபோய்க் காலையில் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தேன். சிறுநீர் நீர்த்துப்போனதாக முடிவு வந்து, மறுபடி பணம் கட்டி, பயிற்சி தொடங்க இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கமில்லை. நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் அளவே குடியுங்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து எடுத்தால் சீட்டைக் கையில் வைத்திருங்கள். முடிவில் ஏதாவது தெரிந்தால், கல்லூரிக்குச் சொல்லுமுன் அதைச் சரிபார்க்கும் மருத்துவர் பெரும்பாலும் உங்களையே கூப்பிட்டு விசாரிப்பார். தெரியாத எண்ணாகத்தான் இருக்கும். அந்த வாரம் மட்டும் எந்த அழைப்பையும் விடாமல் எடுங்கள், தம்பி.