தேங்காயும் என்சலடசும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சனியைச் சுற்றும் என்சலடசு என்ற சந்திரனில் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதாக, ஏழாம் தரத்தில் படிக்கும் என் பேத்தி வாசித்துக் காட்டினாள். வெயிலே சரியாக எட்டாத இடத்தில் நீர் எப்படி உறையாமல் இருக்கும்? யாரும் துளையிட்டுப் பார்க்காத கடலை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அங்கே உயிர் உண்டா?

– ஒரு வாசகர், முள்ளியவளை

அன்புள்ள ஐயா,

முதற் கேள்வி எளிது. வேலி அடைக்கும்போது கையில் குறடு இல்லாவிட்டால் கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் மடக்கி முறிப்போம். முறிந்த நுனி விரலைச் சுடும். என்சலடசு ஏறத்தாழ 33 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சனியைச் சுற்றுகிறது. அதன் பாதை முழு வட்டம் அல்ல என்பதால், சனியின் ஈர்ப்பு ஒவ்வொரு சுற்றிலும் அதை இறுக்கியும் தளர்த்தியும் பிசைந்துகொண்டே இருக்கிறது. நீரை உறையவிடாத சூடு அந்தப் பிசைவிலிருந்தே வருகிறது.

இரண்டாவது கேள்விதான் சுவையானது. தேங்காய் வாங்கும்போது காதருகே குலுக்கி, உடைக்காமலே உள்ளே நீர் இருப்பதை அறிகிறோம். சனியைச் சுற்றி ஆராய்ந்த காசினி விண்கலம் ஏழு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த படங்களை ஒப்பிட்டு, இந்தச் சந்திரன் சுழலும்போது மிக இலேசாகத் தள்ளாடுவதை அளந்தார்கள். மேலுள்ள பனிக்கோது உள்ளேயுள்ள பாறையோடு ஒட்டி உறைந்திருந்தால் அவ்வளவு தள்ளாட்டம் இருக்க முடியாது; ஆகவே கோது முழுவதும் நீரில் மிதக்கிறது என்ற முடிவை 2015இல் அறிவித்தார்கள். இத்தனைக்கும் அதன் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர்தான், பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம்.

இன்னொரு சான்றும் உண்டு. தென்முனை வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிடுவதைக் காசினி 2005இல் கண்டது. அந்தத் துகள்களில் உப்பு இருந்தது. நம் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது, அந்த நீர் நிலத்துக்குள் கல்லோடு கிடந்து கரைத்துக்கொண்டு வந்தது அல்லவா? அதுபோலவே, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர்தான் இப்படி உப்பாகும். 2023இல் அதே துகள்களில் பொசுபேற்றையும் கண்டார்கள். வயலுக்கு நாம் போடும் ரி.எஸ்.பி. பசளையின் சாரமும் அதுதான். காசினியோ 2017 செப்டெம்பர் 15ஆம் திகதியே சனிக்குள் வீழ்த்தப்பட்டுவிட்டது. பூமியிலிருந்து ஒட்டிச் சென்ற நுண்ணுயிர் எதுவும் இத்தகைய சந்திரன்களில் தொற்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையினால் அப்படிச் செய்தார்கள். பொசுபேற்றுக் கண்டுபிடிப்பு, கலம் அழியுமுன் அனுப்பிவைத்த தரவுகளிலிருந்து கிடைத்தது.

உயிர் பற்றிய தலைப்புச் செய்திகளை மட்டும் நான் நம்புவதில்லை. வயலில் நீரும் பசளையும் இருப்பது வேறு, நெல் முளைத்திருப்பது வேறு. இதுவரை கண்டவை எல்லாம் முதல் வகை.

வியாழனின் சந்திரனான யுரோப்பாவிலும் இப்படியொரு கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அதை ஆராய 2024 ஒக்டோபரில் புறப்பட்ட யுரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். அதுவும் உயிரைத் தேடிப் போகவில்லை, உயிர் வாழ ஏற்ற சூழல் உண்டா என்று பார்க்கவே போகிறது. அப்போது உங்கள் பேத்தி உயர்தரம் படித்துக்கொண்டிருப்பாள். வரும் தரவுகளை அவளே உங்களுக்கு விளக்கக்கூடும்.