எச்சில் விழுங்கினால் வலியா, சும்மா இருக்கும்போதே எரிச்சலா?

காது மூக்கு தொண்டை மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. தொண்டை பற்றி வந்த கேள்விகளில், ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் போட்டுப் பார்த்துவிட்டு வந்தவை நிறைய. அதில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

திருச்சி, ஐடி ஊழியர், வயது 31: இரண்டு மாதமாகத் தொண்டை எரிகிறது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. தூங்கி எழுந்ததும்தான் அதிகம். நைட் ஷிஃப்ட் வேலை. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி அஸித்ரோமைசின் இரண்டு தடவை போட்டேன், கேட்கவில்லை.

தம்பி, கிருமி இருந்தால்தானே கேட்கும்! ஷிஃப்ட் முடிந்து வந்து, பசியில் வயிறு முட்டச் சாப்பிட்டு, அப்படியே படுத்துவிடுகிறீர்களா? நீங்கள் எழுதவில்லை என்றாலும் என் சந்தேகம் அதுதான். இரைப்பையின் வாயில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் அதைத் தாண்டி அமிலம் மேலே ஏறும். உணவுக்குழாய் ஓரளவு தாங்கும். குரல்வளைப் பக்கத்துச் சவ்வு தாங்காது. அதனால்தான் நெஞ்செரிச்சல் துளியும் இல்லாமல் தொண்டை மட்டும் எரியும், அடிக்கடி செருமத் தோன்றும், ஏதோ அடைத்துக்கொண்டது போல இருக்கும்.

மேல்படிப்பு படித்தபோது எனக்கே இது வந்தது. டியூட்டி முடிந்து ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா சால்னா, 11.30-க்குத் தூக்கம். படித்துக்கொண்டிருந்ததே தொண்டை, ஆனாலும் ஒரு மாதம் ஸ்ட்ரெப்சில்ஸ் சப்பிக்கொண்டு அலைந்தேன்.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். முடியாது என்றால் ஷிஃப்டின் நடுவிலேயே பெரிய சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறு அழுந்தும். இடது பக்கமாகப் படுப்பது நல்லது. சிகரெட் இருந்தால் விட வேண்டும், காபியைக் குறைக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறையலாம். இத்தனையும் செய்து ஒன்றிரண்டு மாதத்தில் குறையவில்லை என்றால் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும்.

மதுரை, ஒரு அம்மா: 7 வயதுப் பையன். நேற்றிலிருந்து 102 டிகிரி காய்ச்சல், எச்சில் விழுங்கவே அழுகிறான். இருமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன், அதனாலா?

ஐஸ்கிரீமைத் திட்டாதீர்கள் அம்மா. தொண்டையில் புண்ணாக இருக்கும் குழந்தைக்குச் சில்லென்று ஒரு ஸ்பூன் இதமாகவே இருக்கும்.

பையனை ஜன்னல் பக்கம் நிறுத்தி, வாயைத் திறந்து "ஆ" சொல்லச் சொல்லுங்கள். ஸ்பூனின் காம்பால் நாக்கை லேசாக அழுத்தி, செல்போன் டார்ச்சை அடியுங்கள். உள்நாக்கு தொங்குகிறதல்லவா, அதற்கு இரு பக்கமும் கொட்டைப் பாக்கு மாதிரி இருப்பவை டான்சில்கள். சிவந்து வீங்கி, மேலே வெள்ளைத் திட்டுகள் தெரிகிறதா? தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா? காய்ச்சலும் இருந்து, இருமலும் மூக்கொழுகலும் இல்லை என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். 5 முதல் 15 வயது வரை இது சகஜம். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, ஒரு வாரத்தில் தானே போகும், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. இந்த ஸ்ட்ரெப் முக்கியமான விதிவிலக்கு. சரியாக வைத்தியம் பார்க்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து மூட்டு வீங்கலாம், இதய வால்வையே கெடுக்கலாம். டாக்டர் பென்சிலினோ அமாக்சிசிலினோ 10 நாளுக்கு எழுதினால் 10 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் பையன் விளையாட ஓடிவிடுவான். நாலாம் நாள் பாட்டில் ஃபிரிட்ஜ் மேலே ஏறிவிடும். நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், எடைக்குத் தகுந்த அளவில். சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வலுவில் வருகிறது, லேபிளைப் பார்த்து ஊற்றுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. திட்டு வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்த மாதிரி இருந்தால் அது தொண்டை அடைப்பானாக (டிஃப்தீரியா) இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதைத் தடுக்க 5 வயதில் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் ஊசி விட்டுப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஈரோடு, பள்ளி ஆசிரியை: வெள்ளிக்கிழமை ஆனால் குரல் கட்டிக்கொள்கிறது. கிசுகிசுத்துப் பேசிச் சமாளிக்கிறேன்.

டீச்சர், கிசுகிசுப்பும் குரல் நாணுக்கு ஓய்வு இல்லை, அதுவும் சிரமம்தான். சின்ன மைக் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டில் மேஜையில் இருக்கட்டும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் குரல்வளையைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். புகைப்பவர்களும் பாக்கு, புகையிலை போடுபவர்களும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நாகர்கோவில்: மாமியார் அதிமதுரம், சுக்கு, மிளகு போட்டுக் கசாயம் தருகிறார். 8 மாதக் குழந்தைக்கும் தேன் தடவலாம் என்கிறார்.

கசாயம் குடியுங்கள், இதமாக இருக்கும், மாமியாருக்கும் சந்தோஷம். ஆனால் அதிமதுரத்தை வாரக்கணக்கில் குடித்தால் பிபி ஏறும். பிபி மாத்திரை போடுபவருக்கு வேண்டாம். தேன், ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, கை கால் தளர்ந்துபோகும் அளவுக்கு நஞ்சாகும்.

சென்னை, கல்லூரி மாணவி: பருவுக்கு டாக்சிசைக்ளின் போடுகிறேன். முந்தாநாள் முதல் விழுங்கும்போது நெஞ்சு, தொண்டை எல்லாம் சுடுகிறது.

ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தீர்களா? மாத்திரை வழியில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கியிருக்கும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இனி எப்போது போட்டாலும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

சேலம்: உப்புத் தண்ணீர் கொப்பளிக்க எவ்வளவு உப்பு? ராத்திரியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன். கிருமியைக் கொல்லாது, வலியைக் குறைக்கும்.

வாயைத் திறக்க முடியவில்லை, எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகுகிறது, சூடான கிழங்கை வாயில் வைத்துப் பேசுவது போலக் குரல் மாறிவிட்டது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருகிறது: இதில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். குழந்தையாக இருந்தால் வழியில் படுக்க வைக்க வேண்டாம், மடியில் உட்கார்ந்த வாக்கிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன ஸ்பூன் வேலையை அப்போது செய்யவே கூடாது.