கூடாரத்தில் படுப்பவர் பிச்சைக்காரரா?

கேள்வி: சென்ற இதழின் பயணப் பகுதியில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையைச் சாதாரண ரயிலிலும் கூடாரத்திலும் குறைந்த செலவில் சுற்றிவரலாம் என்று எழுதியிருந்தீர்கள். விமானத்துக்கு அவ்வளவு பணம் கொடுத்துப் போகிறவர் அங்கே போய்ப் பிச்சைக்காரரைப் போலத் தரையில் படுக்க வேண்டுமா? அதுவும் அடுத்தவர் நிலத்தில், அனுமதி கேட்காமல்? அந்த ஊர்க்காரர்கள் நம்மை என்ன நினைப்பார்கள்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். நடுவில் உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கோபம் அதில்தான் ஊன்றி நிற்கிறது.

ஸ்காட்லாந்தில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை, உள்நாட்டவர் வெளிநாட்டவர் என்று பிரிக்காமல், எல்லோருக்கும் தந்திருக்கிறது. சிறு கூடாரம் அடித்து இரவு தங்குவதும் அதில் அடங்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலத்துக்குரியவரின் இசைவு கட்டாயம். டார்ட்மூர் என்ற ஒரு பகுதி மட்டும் அங்கே விதிவிலக்கு, அந்த விதிவிலக்கைக் காப்பாற்றவும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே லண்டனில் இறங்கி வழியிலேயே எங்காவது கூடாரத்தை விரிக்க நினைப்பவருக்கு உங்கள் கண்டனம் பொருந்தும். எங்கள் கட்டுரையோ ஸ்காட்லாந்தைப் பற்றியது.

அந்த உரிமைக்கு நிபந்தனைகள் உண்டு. கூட்டமாகப் போகக் கூடாது. ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது. வீடுகள், சாலைகள், பழஞ்சின்னங்கள் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். பயிரோ கால்நடையோ உள்ள வேலியிட்ட வயலுக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது. லோமண்ட் ஏரியைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவின் சில பகுதிகளில், மார்ச் முதல் செப்டம்பர் வரை, முன்கூட்டியே அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: இந்த உரிமை மோட்டார் வாகனத்துக்குப் பொருந்தாது. பெரும் வாடகை கொடுத்துப் படுக்கை வசதியுள்ள வேனை ஓட்டிக்கொண்டு வருபவருக்குச் சாலையோரத்தில் இரவைக் கழிக்க இந்தச் சட்டம் எந்த உரிமையும் தரவில்லை. முதுகில் மூட்டையுடன் ரயிலிலிருந்து இறங்கி நடப்பவருக்குத் தருகிறது. பணம் அதிகம் செலவழித்தவரே கௌரவமான பயணி என்ற உங்கள் கணக்கு இந்த இடத்தில் தலைகீழாகிறது.

ரயிலுக்கு வருகிறேன். கிளாஸ்கோவிலிருந்து மாலெய்க் துறைமுகம் வரை ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் இந்தப் பாதை, 1894இல் வழியிலுள்ள ஃபோர்ட் வில்லியம் நகரையும் 1901இல் மாலெய்க்கையும் எட்டியது. கடைசிப் பகுதியில்தான் கிளென்ஃபின்னன் பாலம் இருக்கிறது: 21 வளைவுகள், இரும்புக் கம்பி சேர்க்காத வெறும் கான்கிரீட். ஒரு மாயாஜாலத் திரைப்படம் அதைப் புகழேற்றிய பிறகு, கோடையில் ஓடும் நீராவி வண்டிக்கு மாதக்கணக்கில் முன்பதிவு செய்து, பெருந்தொகை கொடுத்து ஏறுகிறார்கள். அதே தண்டவாளத்தில், அதே பாலத்தின் மேல், அதே கடலைக் காட்டியபடி அன்றாடப் பயணிகளின் டீசல் வண்டியும் அதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் போகிறது. இந்த வண்டிகளை நடத்தும் ஸ்காட்ரெயில் 2022 ஏப்ரலிலிருந்து பொதுத்துறையில் இருக்கிறது. நெரிசல் நேரக் கூடுதல் கட்டணமும் 2025 செப்டம்பர் முதல் ஒழிந்துவிட்டது. ஃபோர்ட் வில்லியத்தில் ஏறும்போது இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வண்டிகளே உண்டு என்பதால், ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போயிற்று. லோக்கைலார்ட், பீஸ்டேல் போன்ற சிறு நிலையங்களில் இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். அங்கே ஏறுவதற்கு நடைமேடையில் நின்று கையைக் காட்ட வேண்டும், நம்மூரில் பேருந்தை நிறுத்துவதைப் போல.

(பாலத்தைப் பற்றி ஒரு செய்தி. கட்டுமானத்தின்போது ஒரு குதிரை, தான் இழுத்த வண்டியோடு, தூணுக்குள் விழுந்து புதைந்தது என்ற கதை கிளென்ஃபின்னனைச் சுற்றி நெடுங்காலம் உலவியது. துளையிட்டுப் பார்த்தார்கள், இல்லை. பின்னர் 2001இல், அதே பாதையில் இன்னும் மேற்கே, யாரும் படம் எடுக்க நிற்காத லாக் நான் ஊவா பாலத்தின் தூணுக்குள் ரேடார் அதைக் காட்டிக்கொடுத்தது.)

இனிப் "பிச்சைக்காரர்". ஆரிசெய்க்கில் இறங்குங்கள், பிரிட்டனின் ரயில் நிலையங்களில் மேற்குக்கோடி அதுதான். அங்கிருந்து மோரார் வரை வெண்மணல் கரையும், எதிரே எய்க், ரம் தீவுகளும், வழியெங்கும் கட்டணக் கூடாரத் திடல்களும் உள்ளன. கட்டணம் கட்டி அங்கே தங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். வெந்நீர்க் குளியலும் கழிப்பறையும் கிடைக்கும், பணமும் அந்த ஊரிலேயே தங்கும். இரண்டு இரவு திடலில், ஓர் இரவு வெட்டவெளியில் என்று கலந்துகொண்டால், விடுதி வாடகை மிச்சமாவதோடு, ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் அணையாத அந்த வெளிச்சத்தைக் கண்ணாடிச் சன்னல் இல்லாமல் பார்க்கலாம். ஆனால் மழைக்குத் தாங்காத மலிவுக் கூடாரத்தை வாங்கிச் செல்லாதீர்கள்; பிரிட்டனில் மழை மிகுந்த பகுதிகளில் அதுவும் ஒன்று, மிச்சம் பிடித்த பணம் முழுவதும் மறுநாளே விடுதிக்குப் போய்விடும். மணலின் மேல் கூடாரம் அடிக்கும்முன் கடற்பாசி ஒதுங்கிய கோடு எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதற்கு மேலே, புல் தொடங்கும் இடத்தில் அடியுங்கள். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவே. அங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நான்கு மீட்டரைத் தாண்டும்.

அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஃபோர்ட் வில்லியம் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். விசா விண்ணப்பத்தில் எங்கே தங்குவீர்கள் என்ற கேள்வி வரும். "கடற்கரையில்" என்று எழுதிவைக்காமல், முதல் சில இரவுகளுக்காவது முகவரியுள்ள இடத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? கூடாரத்தைப் பார்த்து எதுவும் நினைக்கமாட்டார்கள். அவர்களும் அதில்தான் விடுமுறையைக் கழிக்கிறார்கள். மரத்தை வெட்டித் தீ மூட்டினால், புல்லைக் கருக்கினால், நீரோடையிலிருந்து முப்பது மீட்டராவது தள்ளிப்போய்க் குழி தோண்ட வேண்டிய காரியத்தை ஓடையோரத்திலேயே முடித்துவிட்டு வந்தால் நினைப்பார்கள், சரியாகவே நினைப்பார்கள்.

போவதென்று முடிவெடுத்தால் மே மாதத்தில் போங்கள். ஜூன் தொடங்கிவிட்டால் மிட்ஜ் என்ற, கொசுவைவிட மிகச் சிறிய கடிபூச்சி, காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும் மேகம்போல் இறங்கும். முகத்துக்கு வலை இல்லாதவர் அப்போது கூடாரத்தைவிட்டு வெளியே வரவே மாட்டார்.