நுகர்வோர் அதிகாரசபையின் கட்டளையைக் கடைக்காரர் கணக்கெடுக்காவிட்டால் என்ன தண்டனை?

வாரண்டிக்குள் பழுதான பிரிட்ஜுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை கட்டளையிட்டும் திருமலைக் கடைக்காரர் அசையவில்லை, அவரை உள்ளே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுத்த எடுப்பில் முடியாது. தமிழில் தேடினால் முதலில் கண்ணில் படும் 'ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்' என்பது இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 72ஆம் பிரிவு. அங்கே நுகர்வோர் ஆணையமே தண்டிக்கும். இலங்கையில் நுகர்வோருக்கென்று தனி நீதிமன்றம் கிடையாது.

இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 13ஆம் பிரிவு. கட்டளைப்படி கட்டாத தொகையை நீதவான் நீதிமன்றம் தானே விதித்த தண்டப்பணம் போல அறவிடும். அந்த மன்றம் சாதாரணமாக விதிக்கக்கூடிய தண்டத்தை விடத் தொகை கூடினாலும் பரவாயில்லை. தண்டப்பணம் என்று ஆனபிறகுதான் சொத்தைக் கைப்பற்றி விற்பது, கட்டத் தவறினால் சிறை என்பதெல்லாம் வரும். பெரும்பாலான வியாபாரிகளுக்கு அழைப்பாணையே போதும்.

கட்டளைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகாரசபை அலுவலகத்துக்குப் போங்கள். பணம் வரவில்லை என்று எழுத்தில் கொடுத்து, நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கும்படி கேளுங்கள். பற்றுச்சீட்டு, வாரண்டி அட்டை, பதிவுத்தபால் துண்டு எல்லாவற்றிலும் பிரதி வையுங்கள்.

சிக்குவது இரண்டு இடத்தில். வியாபாரி வசிக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் விண்ணப்பம். ஆள் மூதூர் என்றால் மூதூர், கொழும்புக் கம்பனியின் கிளை என்றால் அலைச்சல் கொழும்புக்கு. மற்றது கட்டளையின் வாசகம். 'மாற்றிக் கொடு' என்று மட்டும் இருந்தால் அறவிட ஒரு தொகையே இல்லை. உங்களுடையதில் தொகை இருக்கிறதா பாருங்கள். இன்னும் விசாரணையில் இருப்பவர்கள், 'அல்லது இத்தனை ரூபா' என்று சேர்க்கச் சொல்லி அங்கேயே கேட்பது நல்லது. பெயர்ப்பலகையில் உள்ளதல்ல, பதிவு செய்த வியாபாரப் பெயரும் உரிமையாளர் பெயரும் கட்டளையில் இருக்க வேண்டும்.

கடைக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு (கட்டளையையே ரத்துச் செய்யக் கேட்கும் மனு) போட்டு இடைக்காலத் தடை எடுத்தால் அறவீடு நிற்கும். சின்னத் தொகைக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. பாதிப் பணத்தோடு சமாதானம் பேச வந்தால் வாங்கலாம், ஆனால் ரசீதில் 'பகுதிக் கொடுப்பனவு' என்று எழுதிய பிறகே கையெழுத்து.

இதைப் படிக்கும் புதியவர்களுக்கு: வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்காவிட்டால் இந்த வழியே கிடையாது. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.