கடல் உள்வாங்கும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: 2004 சுனாமி அன்று கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கரை திரும்பியபோது வீடே இல்லை. அவ்வளவு பெரிய அலை படகுக்கு அடியில் போனது எப்படித் தெரியாமல் போகும்?
- தரங்கம்பாடி வாசகி

பதில்: உங்கள் சித்தப்பா சொல்வது முழு உண்மை. புவியியல் ஆசிரியராக இருந்த நாளில் என் மாணவர்களின் அப்பாக்களும் இதையேதான் சொன்னார்கள்.

காற்று எழுப்பும் அலை கடலின் மேல்மட்டத்தை மட்டுமே ஆட்டும். சுனாமியில் அடித்தரை முதல் மேல்மட்டம் வரை மொத்தத் தண்ணீரும் நகர்கிறது. டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29 மணிக்கு, சுமத்ராவுக்கு மேற்கே 9.1 அளவில் கடலடி நிலநடுக்கம். பூமியின் மேலோடு பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது; அங்கே இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகுகிறது. நெடுங்காலமாக அழுந்திக் கிடந்த மேல்தட்டின் விளிம்பு சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு விடுபட்டு, சில மீட்டர் எழும்பியது. மேலே இருந்த நீரும் கூடவே எழும்பி, பிறகு இரு பக்கமும் பரவியது.

4,000 மீட்டர் ஆழத்தில் அந்த அலையின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். உயரமோ மிகக் குறைவு. இரண்டு மணி நேரம் கழித்து மேலே கடந்து சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள் ஆழ்கடலில் அளந்தது ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். அதுவும் பல நிமிடங்களில் மெல்ல ஏறி இறங்கும். படகில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைகிறது. முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது அதன்மேல் குவிகிறது. கரையில் நின்றவர்கள் பார்த்தது அதைத்தான்.

கேள்வி: 2012-இல் சென்னையில் கட்டடங்கள் ஆடின. சுனாமி எச்சரிக்கையும் வந்தது. அலை ஏன் வரவில்லை?
- திருவொற்றியூர் வாசகர்

பதில்: அந்த ஏப்ரல் 11 நிலநடுக்கத்தின் அளவு 8.6. ஆனால் அதில் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடல்தரை பெரிதாக மேலெழவில்லை, அதனால் நீரும் எழவில்லை. சிறு அலைகள் மட்டுமே பதிவாயின. அதற்காக எச்சரிக்கை வீண் என்று சொல்லாதீர்கள். முதல் நிமிடங்களில் தரை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது தெளிவாகாது.

கேள்வி: கடல் உள்வாங்காமல் சுனாமி வராது என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர். சரியா?
- காரைக்கால் வாசகர்

பதில்: இல்லை. உயிரைப் பறிக்கக்கூடிய நம்பிக்கை இது, தயவுசெய்து அவரிடம் பேசுங்கள். 2004-இல் கடல்தரை மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. புக்கெட்டில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் படித்ததை நினைவில் வைத்து எச்சரித்ததால் ஒரு கடற்கரையே காலியானது. நம் பக்கமும் இலங்கைப் பக்கமும் முதலில் வந்ததே நீர் ஏற்றம். அதற்குப் பிறகுதான் கடல் பின்வாங்கியது. முதல் அலையோடு முடிந்தது என்று நினைத்து இறங்கிப் போனவர்களை அடுத்த அலை கொண்டுபோனது.

முழங்கால் அளவு நீர்தானே என்றும் நினைக்க வேண்டாம். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. கூடவே மரம், தகரம், படகு எல்லாம் வரும். நாகையில் விசைப்படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்ததையும், கருவேல மரங்களில் வலைகள் இறுகச் சுற்றியிருந்ததையும் பார்த்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

2007 முதல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அறிவிப்பு வந்தால் உடனே மேட்டுக்குப் போங்கள். அலைகள் பல மணி நேரம் தொடரும். ஆபத்து நீங்கியது என்று அதிகாரிகள் அறிவிக்கும்வரை, படகைப் பார்க்கக்கூடக் கரைக்கு இறங்க வேண்டாம்.