அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. வல்லாரை மூளைச் செல்களைக் காக்கும் என்கிறார்களே, மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

கீரையாகத் தாராளமாகக் கொடுங்கள். மாத்திரைக்கு மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

"வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். பரீட்சை வந்தால் வீட்டில் வல்லாரைத் துவையல்தான். மார்க் கூடியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அதற்காகப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவில் ஓரிகான் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தில் வல்லாரையைப் பல வருடங்களாக ஆராய்கிறார்கள். அல்சைமர் என்ற மறதி நோய் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குக் குடிதண்ணீரில் வல்லாரைச் சாற்றைக் கலந்து கொடுத்தார்கள். எலிகளின் நடத்தை தேறியது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்த நோயில் மூளையில் சேர்ந்து செல்களுக்கு நஞ்சாகும் அமிலாய்டு புரதம் குறையவே இல்லை! அப்படியானால் நஞ்சை எடுக்காமல், அதைத் தாங்கும் தெம்பைச் செல்லுக்குத் தருகிறதோ? பிறகு வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை வல்லாரை தூண்டிவிட, செல்லைக் காக்கும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படுகின்றன. ரோஸ்மேரி இலையிலுள்ள கார்னோசிக் அமிலமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

இதெல்லாம் எலியிலும் ஆய்வகச் செல்களிலும் பார்த்தது. மனிதர்களிடம் நடந்த 11 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, அறிவாற்றலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. சுறுசுறுப்பு சற்றுக் கூடலாமாம், அவ்வளவுதான்.

மாத்திரை விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. எடை குறைக்க வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்ததாக 2005இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் எழுதினார்கள். நிறுத்தியதும் தேறிவிட்டார்கள். அம்மா ஏற்கெனவே மாத்திரைகள் எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அப்புறம், பி12, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். அவற்றின் குறைபாட்டாலும் மறதி வரும், அதைச் சரிசெய்யவும் முடியும்.

துவையலுக்கு உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாயை வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இலை சுருங்கும்வரை மட்டும் வதக்குங்கள். புளி, தேங்காய், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் கசப்பு அடங்கிவிடும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பச்சையாகவே பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறுதான்) விட்டுச் சம்பல் போடுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் வல்லாரை ஈரத்தில் வளர்வது, சில இடங்களில் சாக்கடையோரமும் பறிப்பார்கள். பச்சையாகச் சாப்பிடுவதென்றால் எங்கே பறித்தது என்று கீரைக்கார அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.